சைலன்சர் அடைத்த வண்டி

வடசென்னையின் எர்ணாவூர் மேம்பாலம் அப்படியொன்றும் செங்குத்தான மேடு இல்லை. ஆனாலும் நோய் பிடித்த காரைக் காட்டிக்கொடுக்க அது போதும். சமதரையில் ஒழுங்காக ஓடிவந்த வண்டி, பாலத்தில் ஏறியதும் திணறத் தொடங்கும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. பின்னால் நாற்பதடி கன்டெய்னரைச் சுமந்து வரும் டிரெய்லர் ஹாரன் அடிக்கும். மறுநாள் காலை வண்டி மெக்கானிக் கடையில் நிற்கும். “இழுக்கலண்ணே, பிக்கப்பே இல்ல” என்பது புகார்.

மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் கிளட்ச் மீது போகும். அடுத்து ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் ப்ளக் என்று வரிசையாகப் பார்ப்பார். இவை எல்லாமே என்ஜினுக்குள் எதையாவது கொண்டுபோகும் பாகங்கள். என்ஜினிலிருந்து வெளியே போகும் வழியை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. உள்ளே போவதற்குச் சமமாக வெளியேயும் போயாக வேண்டும் என்ற எளிய கணக்கு, அவசரத்தில் மறந்துபோகிறது.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த வாயுவை வெளியே தள்ளும். அதாவது ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 முறை, நான்குக்கும் சேர்த்து 100 முறை. சைலன்சர் குழாய்க்குள் நொடிக்கு நூறு சூடான மூச்சுகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. வழியில் எங்கோ அடைப்பு இருந்தால், முந்தைய மூச்சு போய் முடிவதற்குள் அடுத்தது வந்து முட்டும். எதிரழுத்தம் ஏறும். எரிந்த வாயுவில் ஒரு பகுதி சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். தங்கியது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குப் புதுக்காற்று உள்ளே வர முடியாது. காற்று குறைந்தால் எரிவதும் குறையும், இழுவையும் குறையும். வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே நிற்பதால் என்ஜினும் சூடேறும்.

ஐடிலிங்கில் நிற்கும்போது வாயுவின் அளவு குறைவு. பாதி அடைத்த குழாயே அதற்குப் போதும். அதனால்தான் கடை வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்த்தால் வண்டி நல்லபடியாக உறுமுகிறது. மேம்பாலம் ஏறும்போதுதான் உண்மை தெரிகிறது.

இந்தக் குழாய் எப்போதும் இத்தனை சிக்கலான பொருளாக இருந்ததில்லை. எர்ணாவூருக்குப் பக்கத்திலேயே, எண்ணூரில், 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டு ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பத் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்டாகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர்பெற்றது. அந்த ஆஸ்டின் காரின் அடியில் இருந்தது ஓர் இரும்புக் குழாயும் சத்தத்தை அடக்க ஒரு மஃப்ளரும்தான். அடைத்தால் கழற்றித் தட்டலாம், துருப்பிடித்தால் வெல்டிங் வைக்கலாம். இன்று அதே இடத்தில் ஒரு சிறிய இரசாயன ஆலை தொங்குகிறது. அடைப்பைப் பற்றிப் பேசுவதென்றால், எந்தக் காலத்துக் குழாய் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே டூ-ஸ்ட்ரோக் காலம் ஒன்று இருந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட், ஸ்கூட்டர்கள், ஆட்டோக்கள் எல்லாவற்றிலும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றியாக வேண்டும். அந்த ஆயில் முழுசாக எரியாது. எரிந்தும் எரியாத மிச்சம் சைலன்சரின் உள்சுவரில் கரியாகப் படியும். பெட்ரோலில் ஆயிலைத் தாராளமாகக் கலப்பவரின் வண்டி மற்றவர் வண்டியைவிடச் சீக்கிரம் அடைக்கும். “கார்பன் பிடிச்சிருக்கு” என்று சொல்லி மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுச் சுடுவார், இல்லையென்றால் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார். பிறகு சுத்தியலால் தட்டினால் கரி பொலபொலவென்று உதிரும். வண்டி புதிது போல ஓடும். அந்த வைத்தியம் அன்றைக்குச் சரியானது. அடைத்தது வெறும் கரி, குழாய் வெறும் இரும்பு. அந்த வெற்றியின் நினைவில் இன்றைய காரின் குழாயையும் சுடலாம், தட்டலாம் என்று யாராவது கிளம்பும்போதுதான் ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கிறது.

பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வரும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய குழாயில் அது ஆவியாகவே வெளியே போய்விடும். எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் சந்தை வரை போய்த் திரும்புகிற காரில் குழாய் சூடேறவே நேரம் கிடைக்காது. ஆவி மஃப்ளருக்குள் குளிர்ந்து நீராகத் தேங்கும். எரிபொருளில் மிஞ்சியிருக்கும் கந்தகம் அந்த நீரைச் சற்றே அமிலமாக்கும். துரு உள்ளிருந்து தொடங்கும்.

எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே ஓடுவதால் வெளியிலிருந்தும் உப்புக்காற்று அரிக்கிறது. இரண்டு பக்கத் தாக்குதலுக்கு நடுவே தகடு மெலிந்துகொண்டே போகும். வெளித்தகட்டில் ஓட்டை விழுந்தால் சத்தம் கேட்கும், உடனே தெரிந்துவிடும். ஆபத்தானது உள்ளே நடப்பது. மஃப்ளருக்குள் வாயுவை வளைத்து வளைத்து அனுப்பும் தடுப்புத் தகடுகள் துருவேறிக் கழன்று, உள்குழாயின் வாயை மூடிக்கொண்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சைலன்சர் நலமாக இருக்கும். பல மஃப்ளர்களின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். லீக் என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அது செய்யக் கூடாத வேலை.

சில மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் வேறு காரணமும் இருக்கலாம். குளவி மண்கூடு கட்ட இந்தக் குழாய்வாய் தோதான இடம். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இத்தனை சுலபமான அடைப்பு வேறு எதுவும் இல்லை.

இனி அந்த இரசாயன ஆலைக்கு வரலாம். யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், வினையூக்கியைக் கொண்டு கச்சா எண்ணெயின் கனத்த மூலக்கூறுகளை உடைத்துப் பெட்ரோலாக்கும் முறையை 1930-களில் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பின் போக்கையே மாற்றிய வேலை அது. அதே மனிதர் பின்னாளில் அமெரிக்காவில், வினையூக்கிகளைக் கொண்டே காரின் புகையைச் சுத்தம் செய்ய முனைந்தார். கருவி தயார், பெட்ரோல்தான் தயாராக இல்லை. அதில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்தது. ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகு, 1975-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாக இடம்பிடித்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000-இல். நடுவிலிருந்த ஆண்டுகளில் சென்னைக் கார் வெளியூர் போய் ஈயப் பெட்ரோல் போட்டுக்கொண்டால், கன்வெர்ட்டருக்கு நேர்ந்தது ஹூட்ரியின் பழைய தொல்லையேதான்.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூட்டு வடிவில் வார்த்த ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள், சிலவற்றில் 600. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடேறியதும் அவை வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்ஸைடு கார்பன் டை ஆக்ஸைடாகும், எரியாத பெட்ரோல் எரியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பிரிந்து நைட்ரஜனாகும்.

இந்தப் பீங்கான் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அந்த வெப்பம் வரவே வராது. ஆனால் ஒரு ஸ்பார்க் ப்ளக் கெட்டுப்போய் வண்டி “மிஸ்ஸிங் அடித்தால்” கதை வேறு. அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே குழாய்க்குள் வரும். கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கான் செக்கச்செவேலென்று காய்ந்து, துளைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு மினுக்மினுக்கென்று அடிப்பது, கன்வெர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. “விளக்கு எரிந்தால் என்ன, வண்டிதான் ஓடுகிறதே” என்று நூறு கிலோமீட்டர் ஓட்டியவருக்கு, சில நூறு ரூபாய் ப்ளக் செலவு கன்வெர்ட்டர் செலவாகத் திரும்பி வருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தாலும் இதே இடத்தில்தான் வந்து முடியும். ஆயிலின் சாம்பல் தேன்கூட்டின் முகப்பில் படிந்து துளைகளை மூடும்.

இந்த அத்தியாயத்தில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் படிக்க வேண்டிய செய்தி இதுதான்: நவீனக் காரில் குழாய் தானாக அடைப்பது அபூர்வம். அடைப்பு தெரியும் இடம் பின்பக்கம், அது பிறக்கும் இடம் என்ஜின் அல்லது ஓட்டும் விதம். மூலத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

டீசல் வண்டிக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தன. எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார்களிலும் லாரிகளிலும் கரித்துகள் வடிகட்டி தவிர்க்க முடியாததாகிவிட்டது. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பது இதைத்தான். அந்தச் செலவைக் கணக்குப் போட்டே மாருதி சுசுகி அந்த மாதத்தோடு டீசல் கார்களைக் கைவிட்டது. காரில் இந்த வடிகட்டியைப் பெருமளவில் முதலில் பொருத்தியது பிரான்சின் பெஷோ நிறுவனம், 2000-இல், தன் 607 மாடலில்.

இதிலும் தேன்கூட்டுத் துளைகள்தான். ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு முட்டுச்சந்து. உள்ளே வந்த வாயு நேரே போக வழியில்லாமல், நுண்துளைகள் நிறைந்த சுவரை ஊடுருவிப் பக்கத்துச் சந்து வழியாக வெளியேற வேண்டும். கரித்துகள் சுவரில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட கரியை அவ்வப்போது எரித்துத் தீர்த்தால்தான் வடிகட்டி உயிரோடு இருக்கும். ஆக்ஸிஜனில் அது எரிய 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். நைட்ரஜன் டை ஆக்ஸைடின் உதவி இருந்தால் 250-க்கு மேலேயே மெல்ல மெல்ல எரியும். ஐடிலிங்கில் நிற்கும் டீசல் என்ஜினின் புகையோ பெரும்பாலும் 150 டிகிரியைத் தாண்டுவதில்லை.

இந்த மூன்று எண்களையும் எடுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலைக்கு வர வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை வடசென்னைக்குப் பழகிய காட்சி. லாரி பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். அவற்றுக்கிடையே சிக்கிய கார்களும் அப்படித்தான். கரி சேர்வதற்கு இதைவிடச் சாதகமான ஓட்டம் கிடையாது; அதை எரிப்பதற்கு இதைவிட மோசமான ஓட்டமும் கிடையாது. வடிகட்டி நிறையும்போது கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைச் செலுத்தித் தானே வெப்பத்தை ஏற்றிக் கரியை எரிக்கப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து வண்டியை அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். எரியாமல் மிஞ்சிய டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டிபிஎஃப் விளக்கு எரிந்த உடனே, சாலை காலியாக இருக்கும் அதிகாலையில், காரின் கையேடு சொல்லும் வேகத்தில் நிறுத்தாமல் கால் மணி, இருபது நிமிடம் ஓட்டுவதுதான் முதல் மருந்து. பெரும்பாலான கரி அடைப்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராதது சாம்பல். கரி எரியும், ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்களின் சாம்பல் எரியாது. அதனால்தான் டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் என்று கையேட்டில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். விலை குறைவு என்று வேறு ஆயிலை ஊற்றுவது, ஓரிரு ஆண்டு கழித்து வரப்போகும் அடைப்புக்கு இன்றே முன்பணம் கட்டுவது. சாம்பல் நிறைந்த வடிகட்டியைக் கழற்றி, அதற்கென்று உள்ள கருவியில் காற்றை எதிர்த்திசையில் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் பம்பைக் கொண்டு அடித்தால் சுவர் உடையும்.

பிஎஸ்-6 லாரிகளிலும் சில டீசல் கார்களிலும் இன்னொரு வெள்ளை அடைப்பும் உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க, 32.5 சதவீத யூரியாக் கரைசலைச் சூடான புகையில் தெளிக்கிறார்கள். யூரியா சிதைந்து அம்மோனியாவாக வேண்டும். வெப்பம் போதவில்லையென்றால் அம்மோனியாவாக மாறாமல் கல் போன்ற வெள்ளைப் படிவமாகக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் அதே வரிசை, அதே ஐடிலிங். எர்ணாவூருக்கு அடுத்த மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை வயலுக்கான யூரியாவைத் தயாரிக்கிறது. அதை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். ஆகாது. 2015 முதல் இந்தியாவில் வயலுக்கான யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்தப் பூச்சும் மற்றக் கலப்புகளும் தெளிப்பானையும் வினையூக்கியையும் பாழாக்கும். உழவருக்கான மானிய உரத்தைத் திருப்பிவிடுவது சட்டப்படியும் குற்றம்.

அடைப்பு உண்மையிலேயே குழாயில்தானா என்று உறுதிசெய்ய நல்ல மெக்கானிக்கிடம் வழிகள் உண்டு. பெட்ரோல் காரில் இன்டேக் பக்கம் வேக்குவம் கேஜ் மாட்டினால், எர்ணாவூர் போன்ற கடல்மட்ட ஊரில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்ட வேண்டும். வேகத்தை 2,500 சுற்றுக்கு ஏற்றி அப்படியே பிடிக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வழி அடைத்திருக்கிறது. இன்னும் நேரடியான வழி, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துவது. 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் சந்தேகப்படலாம். கருவி எதுவும் இல்லாதவர், வண்டி நன்றாக ஆறிய பிறகு கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. அந்தத் துண்டுகள் நகர்ந்து போய் மஃப்ளரையும் அடைக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த வெள்ளம். சுவரிலும் பாத்திரத்திலும் படகிலும் வலையிலும் ஒட்டிய அந்தக் கறுப்பு, முழுகிய வண்டிகளையும் விடவில்லை. வெள்ளத்தில் சைலன்சர் வாய் மூழ்கினாலே என்ஜின் போய்விடும் என்று நினைப்பது தவறு. ஓரடித் தண்ணீரின் எதிரழுத்தம் அரை பிஎஸ்ஐகூட இல்லை. ஓடும் என்ஜின் அதைக் குமிழி விட்டுத் தள்ளிவிடும். என்ஜின் நின்ற பிறகுதான் தண்ணீரும் சேறும் குழாய்க்குள் ஏறும். வடிந்த பிறகு சாவியைத் திருகாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே சரி. காற்று உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போயிருந்தால், ஒரே ஒரு ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியில் எண்ணெய் அப்பிய குழாயைக் கழுவாமல் சூடேற்றினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அடைத்த குழாயில் ஓட்டையும் இருந்தால் அது உயிர் விஷயம். எதிரழுத்தம் ஏறிய வாயு, துருப்பிடித்த இணைப்புகள் வழியாகக் காரின் தரைக்கு அடியில் கசியும். அதில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் தூங்கிய இருவர் உயிரிழந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம். துறைமுக வரிசையில் ஏசி போட்டுக் கேபினில் கண்ணயரும் ஓட்டுநருக்கும், மூடிய ஷெட்டில் காரைச் சூடேற்றுபவருக்கும் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக, எல்லாக் கடைகளிலும் யாராவது ஒருவர் சொல்லும் குறுக்குவழி: “உள்ள இருக்கிறத எடுத்துடலாம் சார், வண்டி பறக்கும்.” தேன்கூட்டைக் குத்தி உடைத்து வெறும் டப்பாவை மாட்டிவிடுவார்கள். எதிரழுத்தம் குறையும், வண்டி இழுக்கவும் செய்யும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றத்தைத் தடுக்கிறது. மாசு அளவை மீறினால் 190-ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் சாலையோரத்தில் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம், துறைமுகம், லாரி வரிசை எல்லாவற்றின் காற்றையும் ஏற்கெனவே சுவாசிக்கிற ஊர் இது. வடிகட்டி பிடித்து வைத்திருந்த கரி, அதை எடுத்துவிட்டால் பாரதியார் நகரில் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். அந்த வேலையைச் செய்துதருவதாகச் சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், பழையதைக் கையோடு கேட்டு வாங்க வேண்டும். உருகிப்போன பீங்கானிலும் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் அப்படியே இருக்கின்றன; அவற்றைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சித் தொழில் உலகெங்கும் நடக்கிறது. பில்லில் புதுப் பாகத்தின் விலைக்குப் பக்கத்தில் பழையதற்கான கழிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உரிமையாளரின் வேலை. அதற்குக் கீழே, ப்ளக்கோ, இன்ஜெக்டரோ, பிஸ்டன் ரிங்கோ, அடைப்புக்கு மூலமான பாகமும் மாற்றப்பட்டதாக ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் காசு கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஏன் என்று கேட்க வேண்டும்.